படித்தவர்களே படைத்தது: விஷுவல் நாவலின் நாற்பது ஆண்டுகள்

நம் ஊர் அனிமே ரசிகர்களிடம் ‘கிளானட்’, ‘ஃபேட்’, ‘ஹிகுராஷி’, ‘ஸ்டைன்ஸ்;கேட்’ என்று சொன்னால் உடனே எந்த சீசன், எத்தனை எபிசோட் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். இந்த நான்குமே முதலில் திரையில் வரிவரியாகப் படிக்கப்பட்ட எழுத்துகள் என்பது பேச்சில் அபூர்வமாகத்தான் வரும். வந்தாலும், அனிமே வருவதற்கு முன்பு இருந்த ஏதோ ஒரு கேம் என்ற அளவில் கடந்து போய்விடுவார்கள். இது எனக்குப் பெரிய மனக்குறை. விஷுவல் நாவலுக்கு நாற்பது ஆண்டுக்கும் மேற்பட்ட சொந்த வரலாறு உண்டு. அந்த வரலாற்றைக் கொண்டுபோனவர்களில் கம்பெனிகளை விடத் தனி ஆட்கள் அதிகம். ஒருவர், அல்லது இரண்டு நண்பர்கள், அல்லது படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாத வாசகர்கள்.

புத்தகங்களுக்கு லே-அவுட் செய்வது என் தொழில். மதுரையில் ஒரு டி.டி.பி. கடையில் பகல் முழுக்க எழுத்துகளைப் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். இரவில் விஷுவல் நாவல் படிக்கிறேன். அதனால் ஒரு வரி எங்கே முறிகிறது, ஒரு பக்கம் எந்தச் சொல்லில் முடிகிறது என்பதில்தான் என் கண் முதலில் போகும். இந்த வடிவத்தின் உயிரும் அங்கேதான் இருக்கிறது. திரையில் ஒரு பின்னணிப் படம். அதன் மேல் ஒரு ஆள் நிற்கிறார். கீழே மூன்று நான்கு வரி எழுத்து. ஒரு க்ளிக் செய்தால் அடுத்த வரி. இசை மாறுகிறது, சில நேரம் குரல் கேட்கிறது. எப்போதாவது இரண்டு மூன்று பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அதைப் பொறுத்துக் கதை வேறு கிளைக்குப் போகிறது. அந்தக் கிளையை ரசிகர்கள் ‘ரூட்’ என்பார்கள். கருவி இவ்வளவுதான். இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் தனி ஒருவரால் இதைச் செய்து முடிக்க முடிகிறது.

தொடக்கமே அப்படித்தான். 1983இல் எனிக்ஸ் வெளியிட்ட ‘போர்டோப்பியா தொடர் கொலை வழக்கு’ யூஜி ஹோரீ என்ற ஒருவரின் கைவேலை. பின்னாளில் ‘டிராகன் குவெஸ்ட்’ உருவாக்கி ஜப்பான் முழுக்கப் பெயர் பெற்றவர் இவர். என்.இ.சி. நிறுவனத்தின் பி.சி.-6001 என்ற சின்ன வீட்டுக் கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்ட கதை. கோபே நகரில் ஒரு கொலை, துப்பறிபவர் நாம். என்ன செய்ய வேண்டும் என்பதை விசைப்பலகையில் தட்ட வேண்டும். கதாசிரியர் நினைத்திருக்கும் சொல் நமக்குத் தோன்றவில்லை என்றால் கதை அங்கேயே நின்றுவிடும். 1985இல் ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டிக்கு இந்தக் கதை வந்தபோது அதில் விசைப்பலகையே கிடையாது. அதனால் கட்டளைகளைப் பட்டியலாகக் கொடுத்துத் தேர்ந்தெடுக்க வைத்தார்கள். சொல்லைத் தேடும் வேலை போனதும் வாசகரின் கவனம் முழுக்க எழுத்தின் மேல் விழுந்தது. இந்த வடிவம் படிப்பதற்கானது என்பது அந்த மாற்றத்திலேயே தீர்மானமாகிவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

ஃபேமிகாம் பதிப்பைச் செய்துகொடுத்தது கோயிச்சி நகமுரா நடத்திய சுன்சாஃப்ட். அதே சுன்சாஃப்ட் 1992இல் ‘ஓத்தோகிரிசோ’ என்ற கதையை சூப்பர் ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்தது. திரை முழுக்க எழுத்து. அதன் பின்னால் மங்கிய படம். காற்று, கதவு, காலடி என்று ஓசைகள். இதற்கு சவுண்ட் நாவல் என்று பெயர் வைத்தார்கள். 1994இல் அடுத்தது, ‘கமைத்தாச்சி நோ யோரு’. எழுதியவர் துப்பறியும் நாவலாசிரியர் தகெமாரு அபிகோ. பனிப்புயலில் சிக்கிய மலை விடுதி ஒன்றில் கொலை விழுகிறது. ஆட்கள் எல்லாரும் நீல நிழலுருவங்கள், முகம் கிடையாது. முகத்தை வாசகர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். இன்றைய உயர்தர வண்ணப் படங்களையெல்லாம் பார்த்த பிறகும் எனக்கு அந்த நீல நிழல்தான் பயத்தைத் தருகிறது. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவன் சிரிக்கிறானா முறைக்கிறானா என்று தெரியாமல் அவன் பேசுவதை மட்டும் படிக்க வேண்டியிருப்பது எழுத்தாளருக்குக் கிடைத்த பெரிய வசதி. அபிகோ அதை ஒரு துளியும் வீணாக்கவில்லை.

இதைப் படித்துத் தூண்டப்பட்டவர்கள்தான் அடுத்த தலைமுறை. லீஃப் என்ற சிறிய நிறுவனம் 1996இல் ‘ஷிசுக்கு’, ‘கிசுவாதோ’ என்று இரண்டு கதைகளையும் 1997இல் ‘டு ஹார்ட்’டையும் வெளியிட்டது. விஷுவல் நாவல் என்பது முதலில் இந்த வரிசைக்கு லீஃப் வைத்த பெயர். பிறகு ஒசாகாவில் விஷுவல் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் கீழ் கீ என்ற குழு வந்தது. 1999இல் ‘கனோன்’, 2000இல் ‘ஏர்’, 2004இல் ‘கிளானட்’. ஜுன் மயேதா எழுதினார், இசையமைத்தார். இதாரு ஹினோவே படம் வரைந்தார். படிக்கிறவரை அழவைப்பதையே குறிக்கோளாகக் கொண்ட ஒரு வகை இவர்களால் நிலைபெற்றது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்கு வந்த கதைகளில் மிகப் பல வயதுவந்தோருக்கானவை. ‘கனோன்’, ‘ஏர்’ இரண்டும் முதலில் அப்படித்தான் வந்தன. எல்லா வயதினருக்குமான பதிப்புகள் பின்னால் வந்தவை. சந்தை அதைக் கேட்டது, கடையில் இடம் அதற்குத்தான் கிடைத்தது. ஆனால் ‘கிளானட்’ தொடக்கத்திலிருந்தே எல்லா வயதினருக்குமாக வெளிவந்து, அந்த வரிசையிலேயே பெரிதாகப் பேசப்பட்டது. வாசகர்களைக் கட்டிப்போட்டது கதைதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இந்த வடிவத்தை மொத்தமாக ஆபாசம் என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் ‘கிளானட்’டைத்தான் எடுத்து நீட்டுவேன்.

‘கிளானட்’ பற்றி இன்னும் ஒன்று. கியோட்டோ அனிமேஷன் 2007இலும் 2008இலும் எடுத்த தொடர்கள் அருமையானவை; பல வீடுகளில் அழுகையை வரவழைத்தவை. ஆனால் அனிமே மட்டும் பார்த்தவர்கள் முடிவைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள்: எல்லாம் இழந்த பிறகு திடீரென்று எல்லாம் சரியாகிறதே, இது எப்படி நியாயம் என்று. படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராது. மூலத்தில் ஒவ்வொருவருடைய கதையையும் தனித்தனியாகப் படித்து முடிக்க வேண்டும். ஒருவரின் துயரம் தீரும்போது ஒரு சின்ன ஒளிப்பந்து கிடைக்கும். அந்த ஒளிகளைச் சேர்த்தால்தான் கடைசி முடிவு திறக்கும். சேர்க்காமல் போனால் இழப்பு இழப்பாகவே நிற்கும். திரை இருண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் நாம் செய்த உதவி ஒன்றுசேர்ந்து கடைசியில் ஒரு வீட்டைக் காப்பாற்றுகிறது. பல இரவுகள் உட்கார்ந்து படித்து வாசகரே சம்பாதித்த முடிவு அது. வாரம் ஒரு எபிசோட் பார்ப்பவருக்கு அந்தச் சம்பாத்தியத்தைக் கொடுக்க எந்த ஸ்டூடியோவாலும் முடியாது. கியோட்டோ அனிமேஷன் தன்னால் ஆனதையெல்லாம் செய்தது. 2019 ஜூலை 18இல் அந்த ஸ்டூடியோவுக்குத் தீ வைக்கப்பட்டு 36 பேர் இறந்தபோது, அவர்கள் கைபட்ட கதைகளின் வழியாகவே இந்த உலகத்துக்குள் வந்த எத்தனையோ பேர் சொந்தத்தை இழந்த மாதிரி துடித்தோம்.

இனி காமிக்கெட். இந்த வரலாற்றின் இதயம் என்று நான் கருதுவது அந்தச் சந்தையைத்தான். 1975 டிசம்பர் 21ஆம் தேதி டோக்கியோவில் 32 குழுக்களும் ஏறத்தாழ 700 பேரும் கூடிய சிறு கூட்டமாகத் தொடங்கியது. பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை, கோடையிலும் குளிர்காலத்திலும், டோக்கியோ பிக் சைட் மண்டபம் முழுக்க நிரம்பும் திருவிழாவாக வளர்ந்தது. தானே எழுதி, வரைந்து, அச்சடித்து அல்லது குறுந்தகட்டில் பதிந்து, ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விற்பது இங்கே வழக்கம். இப்படிச் சொந்த முயற்சியில் வெளியிடுவதை டோஜின் என்பார்கள். விற்பவர், வாங்குபவர், தன்னார்வத் தொண்டர் எல்லாரும் பங்கேற்பாளர்களே, வாடிக்கையாளர் என்று யாரும் இல்லை என்பது காமிக்கெட்டின் கொள்கை. இந்த வருடம் மேசைக்கு முன்னால் நின்று வாங்கியவர் அடுத்த வருடம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்.

2000 டிசம்பரில் அப்படி ஒரு மேசையில் விற்கப்பட்டது ‘சுகிஹிமே’. எழுதியவர் கினோகோ நாசு, வரைந்தவர் தகாஷி தகேயுச்சி; பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பர்கள். குழுவின் பெயர் டைப்-மூன். இந்தக் கதையின் வெற்றியில்தான் அவர்கள் நிறுவனமாக மாறி 2004 ஜனவரியில் ‘ஃபேட்/ஸ்டே நைட்’டை வெளியிட்டார்கள். இன்று உலகமெங்கும் கோடிக்கணக்கில் புழங்கும் ‘ஃபேட்’ பெயருக்கு வேர் ஒரு டோஜின் மேசை.

‘சுகிஹிமே’ ஓடியது என்ஸ்கிரிப்டர் என்ற கருவியில். நவோகி தகாஹாஷி என்பவர் எழுதியது. இதன் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கதையை அப்படியே தட்டிக்கொண்டு போகலாம். ஒரு வாக்கியத்துக்குப் பிறகு வாசகர் நிற்க வேண்டும் என்றால் ‘@’ குறி. க்ளிக் செய்தால் அதே பக்கத்தில் தொடரும். பக்கமே மாற வேண்டும் என்றால் பின்சாய்வுக் கோடு. எழுத்தாளர் மூச்சு விடும் இடமும் பக்கம் கட்டுகிறவர் வெட்டும் இடமும் கதைக்குள்ளேயே, ஒரே கோப்பில், எழுதியவரின் கையாலேயே குறிக்கப்பட்டிருக்கின்றன. அச்சுப் புத்தகத்தில் ஒரு அதிர்ச்சி வரி பக்கத்தின் நடுவில் விழுந்துவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அச்சுத்தாளின் ஃபார்மா கணக்கு இடம் கொடுக்காது. இங்கே நாசு தன் அதிர்ச்சி வரியை வெற்றுத் திரையில் தனியாக நிறுத்தி, க்ளிக் வரும்வரை நம்மைக் காக்க வைக்கிறார். எழுத்தாளனுக்கு இந்த அளவு அதிகாரம் கொடுத்த வேறு வாசிப்பு வடிவத்தை நான் பார்த்ததில்லை.

அதே என்ஸ்கிரிப்டரில்தான் 2002 ஆகஸ்ட் காமிக்கெட்டில் ‘ஹிகுராஷி நோ நாகு கோரோ நி’ முதல் அத்தியாயம் வந்தது. ரியுகிஷி07 என்ற புனைபெயரில் எழுதியவர் அப்போது அரசு ஊழியர். கதையும் அவர்தான், படமும் அவர்தான். வரையத் தெரிந்தவர் என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். பாத்திரங்களின் கைகள் பன் ரொட்டி போல உப்பி இருக்கும். பின்னணிகள் புகைப்படங்களை மாற்றிச் செய்தவை. தொடக்கத்தில் இசைகூட யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று இசைக்கலைஞர்கள் விட்டுவைத்தவற்றிலிருந்து எடுத்தது. கதையில் ஒரு இடத்தில்கூடத் தேர்வு கிடையாது. இப்படி எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் பிடித்துக்கொண்டார். குற்றவாளி யார், அல்லது குற்றவாளி என்று ஒருவர் இருக்கிறாரா, கண்டுபிடியுங்கள் என்று வாசகர்களுக்குச் சவால் விட்டார். சரியாகக் கண்டுபிடிப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான் என்பதையே விளம்பர வாசகமாக வைத்தார்.

2006 கோடையில் எட்டாவது அத்தியாயத்துடன் கதை முடிந்தது. அந்த நான்கு ஆண்டுகள் வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஊகம் செய்தார்கள், வாதாடினார்கள், ஒருவர் ஊகத்தை மற்றவர் உடைத்தார். அத்தியாயம் முடிந்ததும் இறந்துபோன பாத்திரங்களே கதைக்கு வெளியே ஒன்றாக உட்கார்ந்து, நடந்ததைப் பற்றி வாசகரோடு விவாதிக்கும் ஒரு காட்சியும் வரும். தேர்வுப் பொத்தான் இல்லாவிட்டாலும் வாசகருக்கு இதில் வேலை இருந்தது, யோசிக்கும் வேலை. பிறகு வந்த பதிப்புகளில் வேறு ஓவியர்கள் அழகாக வரைந்தார்கள். எனக்கு அந்த உப்பிய கைகள்தான் வேண்டும். சிரிக்கும் முகம் சட்டென்று மாறும் இடத்தில் ரியுகிஷி07 வரைந்த கண்களில் இருக்கும் பயங்கரம், சீராக வரையப்பட்ட எந்த முகத்திலும் வரவில்லை. கதை நடக்கும் கிராமத்துக்கு மாதிரி கிஃபு மாநிலத்தின் ஷிரகாவா-கோ. 1995இலேயே யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த கூரை வீடுகளின் ஊர். ரசிகர்கள் அங்கே போய், அவ்வூர்க் கோயிலில் வேண்டுதல் எழுதும் மரப்பலகைகளில் இந்தப் பாத்திரங்களை வரைந்து மாட்டினார்கள்.

ஜப்பானுக்கு வெளியே இந்தக் கதைகளைக் கொண்டுவந்தவர்களும் வாசகர்கள்தான். ‘சுகிஹிமே’யை 2006இலும் ‘ஃபேட்/ஸ்டே நைட்’டை 2008இலும் ஆங்கிலத்தில் தந்தது மிரர் மூன் என்ற ரசிகர் குழு. ‘ஃபேட்’டின் அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்பு 2024இல்தான் வந்தது. இடையில் இருந்த ஆண்டுகளில் ஒரு தலைமுறையே ரசிகர்களின் உழைப்பைப் படித்து வளர்ந்தது. நானும் அவர்களில் ஒருவன்.

அந்த உழைப்பு சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பதோடு முடியவில்லை. ஜப்பானிய எழுத்து ஒவ்வொன்றும் ஒரே அளவுச் சதுரத்தில் உட்காரும். சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. வரியை ஏறக்குறைய எங்கே வேண்டுமானாலும் முறிக்கலாம். என்ஸ்கிரிப்டர் அந்தக் கணக்கில் கட்டப்பட்டது. ஆங்கிலத்தைக் கொட்டினால் எழுத்துகள் தள்ளித் தள்ளி நிற்கும், சொல் பாதியில் முறியும். ஹேலத் என்ற புனைபெயரில் இயங்கிய ரசிகர், இதற்கு இணையாக எழுதப்பட்டிருந்த ஓஎன்ஸ்கிரிப்டர் என்ற திறந்த மூலக் கருவியை எடுத்து ஆங்கிலத்துக்கு ஏற்ப மாற்றினார். எழுத்துக்கேற்ற அகலம், சொல் முறியாத வரி, எல்லாம் அதில் வந்தன. அந்த வேலையின் அருமை, ஃபான்ட் மாற்றியதும் பக்கமே குலைந்துபோவதைத் தினமும் பார்க்கிறவனுக்கு நன்றாகப் புரியும்.

அந்த வாசகர்கள் கொண்டுவந்ததில் எனக்கு மிகவும் நெருக்கமானது ‘நார்சிசு’. தோமோ கதவோகா எழுதி 2005இல் இலவசமாகக் கொடுத்தது. மருத்துவமனையின் ஏழாவது மாடி. அங்கே வந்தவர்கள் திரும்பிப் போவதில்லை. அங்கே இருக்கும் ஒரு இளைஞனும் செத்சுமி என்ற பெண்ணும், அவனுடைய அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். போய்ச் சேர நினைக்கும் இடம் அவாஜித் தீவு; குளிர்காலத்தில் கடலைப் பார்த்த சரிவு முழுக்க நார்சிசஸ் பூக்கும் இடம். யூஜி ஹோரீ பிறந்தது அதே அவாஜியில்தான். 1983இல் அவருடைய ‘போர்டோப்பியா’விலும் விசாரணை அந்தத் தீவு வரை போகும். ‘நார்சிசு’வில் படங்கள் திரையின் நடுவே ஒரு ஒல்லிப் பட்டையாக மட்டும் தெரியும், மனித முகம் அரிது. படத்தைக் குறைத்து எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார் கதவோகா.

இன்சானி என்ற ரசிகர் குழு அதை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது இரண்டு வெவ்வேறு மொழிபெயர்ப்புகளை ஒரே பொதியில் வைத்தது. தொடங்கும்போது எது வேண்டும் என்று வாசகரே தேர்ந்தெடுக்கலாம். நம் ரசிகர் கூட்டங்களில் ஓயாத சண்டை ஒன்று உண்டு: மூலத்தை ஒட்டியே பெயர்ப்பதா, படிக்க இதமாக எழுதுவதா. பெயர்த்தவர்களை அவமானப்படுத்தி ஒதுங்கிப் போக வைக்கும் அளவுக்கு இது முற்றுவதைப் பார்த்திருக்கிறேன். இன்றும் அது எனக்கு வலிக்கிறது. கூலி வாங்காமல் இரண்டு பேர் ஒரே கதையை இரண்டு விதமாகப் பெயர்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அந்தச் செயலில் ஒரு கூட்டம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கான முழுப் பாடமும் இருக்கிறது.

படித்தவர்கள் பெயர்த்தார்கள், பிறகு தாங்களே எழுதினார்கள். டாம் ராதமெல் என்பவர் 2004இல் ரென்பை என்ற இலவசக் கருவியை வெளியிட்டார். ஒரு ஜப்பானிய ஓவியர் 2000இல் தன் டோஜின் புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் வரைந்திருந்த யோசனையை 2007இல் பார்த்த ரசிகர்கள், பல நாடுகளில் சிதறி இருந்தபடியே ஃபோர் லீஃப் ஸ்டூடியோஸ் என்ற பெயரில் கூடினார்கள். ஐந்து ஆண்டுகள் உழைத்து 2012 ஜனவரி 4இல் ‘கதாவா ஷோஜோ’வை இலவசமாகக் கொடுத்தார்கள். மாற்றுத்திறனாளி மாணவர்கள் படிக்கும் பள்ளி ஒன்றில் நடக்கும் கதை. அந்தப் பெண்களை இரக்கத்துக்குரியவர்களாக்காமல் ஆசையும் பிடிவாதமும் கோபமும் உள்ளவர்களாக எழுதியதற்காக அந்தக் குழுவை நான் மதிக்கிறேன். 2017இல் டான் சால்வடோவின் குழு ‘டோகி டோகி லிட்டரேச்சர் கிளப்’பை வெளியிட்டது. அதுவும் ரென்பையில், அதுவும் இலவசமாக.

இதைத் தமிழில் எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. ரென்பையில் தமிழைத் தட்டினால் முன்பு எழுத்து குலைந்து வரும். ‘கொ’ என்று அடித்தால் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் உட்காராது. அண்மைப் பதிப்புகளில் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நூலகம் சேர்க்கப்பட்ட பிறகு தமிழ் சரியாக அமர்கிறது. அதில் ஒரு பக்கம் தமிழ் ஓடவிட்டுப் பார்த்தேன். வரி முறிவு, இடைவெளி, கொம்பு, கால் எல்லாம் சரி. கருவிக்குக் காசு வேண்டாம். ஹோரீக்கு இருந்தது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். ரியுகிஷி07க்கு ஓவியப் பயிற்சி இல்லை. ‘கதாவா ஷோஜோ’ குழுவுக்கு ஓர் அலுவலகம்கூட இல்லை. கதையும் பொறுமையும்தான் அவர்களிடம் இருந்தன. அனிமே பார்த்துவிட்டு அடுத்த சீசனுக்காகக் காத்திருக்கும் நம் பிள்ளைகளிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: மூலத்தைப் படியுங்கள், படித்து முடித்ததும் உங்களுடையதை எழுதத் தொடங்குங்கள். லே-அவுட்டில் உதவி வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.